மணவாளனும் மணமகனும்



திருவள்ளூர்ப் புகைவண்டி நிலையத்தை அடுத்த மணவாள நகரில் நான் வாழ்கிறேன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் தொழிற்சாலைக்குச் செல்வோரின் ஆரவாரமும், மாலையில் அவர்கள் வீடு திரும்பும் ஓசையும் எங்கள் ஊரின் நாழிகை வட்டில்கள். ஒரு நாள் மாலை, அண்டை வீட்டு இளைஞன் ஒருவன் இரண்டு விவிலிய நூல்களை ஏந்திக்கொண்டு என் திண்ணைக்கு வந்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் பயில்பவன், கிறித்தவக் குடும்பத்தவன்.

"ஐயா, பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. நாள்தோறும் நான்தான் வேதம் படித்துக் காட்டுகிறேன். நேற்றுப் பத்துக் கன்னியர் உவமையைப் புதிய மொழிபெயர்ப்பில் படித்தேன். 'மணமகன்' என்று வந்தது. பாட்டி என்னை நிறுத்தி, 'மணவாளன் என்றல்லவா இருக்கும்? வேதத்தையே மாற்றிவிட்டார்களா?' என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இப்படியெல்லாம் ஆராய்வதே பாவமோ என்றும் அஞ்சுகிறேன்" என்றான்.

நான் கிறித்தவன் அல்லன். ஆயினும் அவன் வினா என் தொழிலைச் சார்ந்தது. ஒரு சொல்லைப் பற்றியது. அச்சொல்லைத் துணையாகக் கொண்டு, அறிஞர்கள் விவிலியத்தை எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதை உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பெற்றவை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். பின்னர் பப்பிரிசியுசு முதலானோர் புதிதாக மொழிபெயர்த்தனர். 1871இல் பவர் தலைமையில் அமைந்த குழுவின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியாயிற்று. ஆகவே, மொழிபெயர்ப்பு மாறுவது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. பாட்டி போற்றும் பழைய நூலும் ஒரு காலத்தில் புதிய நூலே.

ஆராய்ச்சியின் முதற்படி மூலபாடத்தை நிறுவுவது. சிந்தாமணியைப் பதிப்பிக்க உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டாரன்றோ? விவிலிய அறிஞரும் அதையே செய்கின்றனர். நம் உவமையிலேயே இதற்குச் சான்று உண்டு. பெரும்பாலான சுவடிகளில் கன்னியர் மணவாளனை எதிர்கொள்ளப் புறப்படுகின்றனர். ஆனால் கிரேக்கமும் இலத்தீனும் எதிரெதிரே எழுதப்பெற்ற பேசா சுவடியிலும் வேறு சிலவற்றிலும் அவர்கள் மணவாளனையும் மணமகளையும் எதிர்கொள்ளச் செல்கின்றனர். எது மூலம்? பதிப்பாசிரியர் பெரும்பாலோர் மணமகளைப் பிற்சேர்க்கையெனக் கொண்டு விலக்கிவிட்டனர். விலக்கியதை மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் காட்டியுள்ளனர். நேர்மையான புலமைக்கு இஃது அடையாளம்.

இரண்டாம் படி, ஒரு பகுதி எழுந்த சூழலை உசாவுவது. ஓசியா முதலிய இறைவாக்கினர், கடவுளைக் கணவனாகவும் இசுரயேல் மக்களை மனைவியாகவும் உருவகித்துப் பேசினர். அந்த மரபில் வளர்ந்தவர் செவியில், திருமண உவமை வெறும் ஊர்க்கதையாக விழுந்திருக்காது. இனி, இவ்வுவமையை இயேசு கூறிய சூழல் ஒன்று; அவர் மீண்டும் வருவார் எனக் காத்திருந்த தொடக்காலச் சபை அதனைப் படித்த சூழல் மற்றொன்று. செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாசு, இவ்விரு சூழல்களையும் பிரித்துக் காண முயன்றார். நெருங்கிவரும் நெருக்கடியைக் குறித்து மக்களை விழிக்கச் செய்த உவமையே, பின்னர்த் தாமதித்து வரும் ஆண்டவரைக் குறித்ததாகப் படிக்கப்பட்டது என்பது அவர் கருத்து. இதனை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. எனினும், 'யார், யாரிடம், எப்போது கூறியது?' என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. நம் உரையாசிரியர்கள் அகப்பாட்டுக்குக் கூற்றும் கேட்போரும் வகுத்துக் காட்டியது இதனை ஒத்ததே.

மூன்றாம் படி, உரைமரபை அறிவது. பழைய ஏற்பாட்டில் உன்னதப்பாட்டு என்றொரு நூல் உண்டு. பொது மொழிபெயர்ப்பு அதனை இனிமைமிகு பாடல் என்கிறது. தலைவனும் தலைவியும் பேசும் காதற்பாடல்கள் அவை. யூத அறிஞர் அக்கீபா அந்நூலை மிகப் புனிதமானதென்று போற்றினார். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன், தலைவனைக் கிறிஸ்துவாகவும் தலைவியைத் திருச்சபையாகவும் கொண்டு உரை எழுதினார். இன்றைய அறிஞர் பலர், அவை முதற்கண் மானிடக் காதலைப் பாடியவை என்பர். நாயகி பாவத்தில் ஆழ்வார்கள் பாடிய பாசுரங்களை அறிந்த தமிழர்க்கு இந்த வழக்காடல் புதிதன்று. எங்கள் ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம், திருவரங்கத்தில் பெருமாள் திருமுன் ஓராண்டளவும் திருவாய்மொழி ஈட்டுரையை விரித்துரைத்ததாக வைணவ மரபு போற்றும் மணவாள மாமுனிகளை நான் நினைப்பதுண்டு. மூலத்தை வணங்கியவர்களே மூலத்திற்கு உரையும் தேடினர்.

உன்னதப்பாட்டுக்கும் நம் சங்க அகப்பாடல்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1973இல் எருசலேம் அறிஞர் சைம் ராபின் எழுதினார். 1988இல் ஆபிரகாம் மரியசெல்வம் இரண்டையும் விரிவாக ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். தமிழர் உள்ளம் இதனால் பூரிப்பது இயல்பே. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். ஒப்புமை வேறு, கடன் வேறு. காதலர் எந்நாட்டிலும் பிரிவால் வருந்துவர். நமக்கு உவப்பான முடிபையே மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

நான்காம் படி, படிப்பவர் யார் என்று கேட்பது. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைத் தமிழ்ப் பக்திப் பாடல்களோடு இணைத்துப் படித்தார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. அயல்நாட்டு ஆடையில் வந்த இறையியலுக்கு அவர் நம் மண்ணின் மொழியைத் தந்தார். ஆனால் 1980களில் அரவிந்த் நிர்மல் முதலிய தலித் இறையியலார் வேறொரு வினாவை எழுப்பினர். இந்தியக் கிறித்தவருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்டோராயிருக்க, உயர்ந்தோர் மரபுகளை மட்டும் கொண்டு இந்திய இறையியலைக் கட்டலாமா என்றனர். அவ்வினாவைக் கேட்டபின் பத்துக் கன்னியர் உவமையை நான் முன்போல் படிக்க இயலவில்லை. அதன் முடிவில் கதவு அடைக்கப்படுகிறது. கோயிற் கதவும் கிணற்றங்கரையும் பன்னெடுங்காலம் தமக்கு அடைக்கப்பட்டிருந்த மக்கள், அந்த இடத்தைக் கேட்கும்போது என்ன எண்ணியிருப்பர்? புத்தகம் ஒன்றே, அமர்ந்து கேட்கும் இடம் வேறு.

இனி இளைஞனின் வினாவுக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'நிம்ஃபியோசு'. மணக்கோலத்தில் உள்ள ஆடவன் என்பது பொருள். 'மணமகன்' அதற்கு நேரான சொல். 'மணவாளன்' என்னும் சொல்லோ மணமகனையும் குறிக்கும்; கணவனையும் தலைவனையும் குறிக்கும். எனவே அது ஓசியா பேசிய கணவனையும் நம் நினைவுக்குக் கொணர்கிறது. ஒன்று சொல்லுக்கு நெருக்கமானது. மற்றொன்று மரபின் எதிரொலியையும் ஏந்தியது. இரண்டும் பிழையல்ல. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவன் ஒன்றை மட்டும் படிப்பவனைவிட மூலத்திற்கு அணித்தாகச் செல்கிறான்.

இதனைக் கேட்டு அவன் மகிழ்ந்து சென்றான். மறுநாளே திரும்பிவந்தான்.

"ஐயா, பாட்டியிடம் சொன்னேன். 'அப்படியானால் சரி' என்றார். ஆனால் அவர் வேறொன்று கேட்கிறார். 'புத்தியுள்ள ஐவரும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் கொடுத்திருக்கலாமே, அது எப்படி நியாயம்?' என்கிறார்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "உன் பாட்டி கேட்பது பெரிய உரையாசிரியர்களும் எதிர்கொண்ட கேள்வி. அகத்தீன், அந்த எண்ணெய் அன்பைக் குறிக்கும் என்றார். ஒருவர் உள்ளத்து அன்பை மற்றொருவர் விளக்கில் ஊற்ற இயலாதன்றோ? ஆனால் இந்த விடை பாட்டிக்கு நிறைவு தருமா என்பதை அவரே சொல்லட்டும்" என்றேன்.

ஆராய்வது பாவமோ என அஞ்சிய இளைஞனுக்கு அவன் வீட்டிலேயே விடை இருந்தது. எழுபது ஆண்டுகள் அந்நூலை நேசித்த ஒருவர், அதனிடமே நியாயம் கேட்கிறார். கேட்ட பின்னும் மறுநாள் மாலை படிக்கச் சொல்கிறார். நீங்கள் போற்றும் நூல் எதுவாயினும், குறளாயினும் கீதையாயினும் குர்ஆனாயினும், அதனை அவ்வாறே நெருங்குங்கள். மூலம் எது, சூழல் யாது, முன்னோர் என்ன உரைத்தனர், இன்று யார் கேட்கின்றனர் என்னும் நான்கு வினாக்களையும் அஞ்சாது வினவுங்கள். விடையைப் பணிவோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.