கைப்பும் ஜீரணமும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் வரவு செலவைப் பற்றிப் பேசுவதே என் உத்தியோகம். இன்று வயிற்றின் வரவு செலவைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். பெட்டியில் வரவு மிகுந்து செலவு குறைந்தால் பணம் சேரும். வயிற்றில் அவ்விதம் நேர்ந்தால் அஜீர்ணம் சேரும். ஜீரணம் கெட்டவனால் வயலில் இறங்கி வேலை செய்ய இயலாது. வேலை நின்றால் கடன் தவணையும் நிற்கும். ஆகையால் இது சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று எண்ணவேண்டாம்.

நம் பெரியோர் அறுசுவையுள் கைப்பையும் ஒன்றாக வைத்தார்கள். சித்திரை வருஷப் பிறப்பன்று வெல்லத்தோடு வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடியை இலையில் இடுவது யாவரும் அறிந்த வழக்கமே. கைப்பான பொருள் நாவில் பட்டவுடன் வாயில் உமிழ்நீர் ஊறுகிறது. இரைப்பையும் ஆகாரத்தை ஏற்கச் சித்தமாகிறது. கைப்பை உணரும் நுண்ணிய கருவிகள் நாவில் மட்டுமன்றிக் குடலிலும் இருப்பதை இக்காலத்துச் சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். பசி மந்தித்தபோது சோற்றின் முதற்கவளத்தோடு சிறிது கைப்பைச் சேர்க்கும் பழைய வழக்கம் அர்த்தமற்றதன்று.

இதற்கு நாம் கடைக்குப் போகவேண்டுவதில்லை. மூன்று பொருள்களை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது வேப்பம்பூ. பங்குனி, சித்திரை மாதங்களில் மரத்தடியில் சுத்தமான துணியை விரித்து வைத்து, உதிரும் பூவைச் சேர்த்து, காம்பும் தூசியும் போகப் புடைத்து, நன்றாய் உலர்த்தி, ஈரமில்லாத ஜாடியில் வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குப் போதும். ஒரு சிட்டிகைப் பூவை நெய்யில் சிவக்க வறுத்து ரசத்தில் இடலாம். சுடுசோற்றில் பிசைந்தும் உண்ணலாம்.

இரண்டாவது சுண்டைக்காய். காயை இலேசாகத் தட்டிக் கழுவி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைக்கவேண்டும். மாலையில் மீண்டும் அதே மோரில் இடவேண்டும். மோர் முழுதும் வற்றியபின், கையில் எடுத்தால் கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்த வேண்டும். மூன்றாவது மணத்தக்காளி. இதன் பச்சைக்காயையும் இவ்வாறே மோரிலிட்டு வற்றலாக்கலாம். இவ்விரண்டும் வற்றற்குழம்புக்கு உரியவை என்று தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இம்மூன்றோடு சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்த்து வறுத்து இடித்த அங்காயப்பொடியைப் பிள்ளை பெற்றவளுக்கு முதற்சோற்றில் நெய்யோடு பிசைந்து கொடுப்பது பல குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கம்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாய்க் கேட்கும்படி வேண்டுகிறேன். கைப்பு என்பது ஆகாரம். சகல வியாதிகளையும் தீர்க்கும் சஞ்சீவியன்று. சிட்டிகையளவில் நன்மை செய்வது கரண்டியளவிலும் நன்மை செய்யும் என்று நினைப்பது தவறு.

கைக்குழந்தைக்கு வயிறு உப்பினாலும் பூச்சி என்று சந்தேகித்தாலும் வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதை அடியோடு விட்டுவிட வேண்டும். இவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு கண்டதை 1981-ம் வருஷம் மலேசியாவிலுள்ள வைத்தியர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். இதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பூவை உண்பது வேறு, எண்ணெயைப் புகட்டுவது வேறு.

குழந்தைக்குப் பேதி கண்டால் கைப்புக் கஷாயம் வேண்டாம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் பாகற்காய்ச் சாற்றையும் நிலவேம்புக் கஷாயத்தையும் வைத்தியரைக் கேளாமல் குடித்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறிக் குறையக்கூடும். கர்ப்பிணிகள் நிலவேம்பை விலக்குவதே நலம். வற்றலில் உப்பு மிகுதியாதலால் இரத்த அழுத்தமுடையவர்கள் அளவோடு உண்ணவேண்டும். காரணமின்றித் தேகம் இளைத்தல், கறுத்த மலம், விழுங்க வருத்தம், கண் மஞ்சளித்தல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் போகவேண்டும். பத்து நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருப்பது வட்டி ஏறும் கடனைப் போன்றது. நாளாக ஆகத் தீர்ப்பது கடினம்.

கடைசியாகச் சங்கத்தாருக்கு ஒரு யோசனை. ஒரு வீட்டில் உதிரும் பூ ஒரு படிகூட இராது. ஐம்பது வீட்டுப் பூ ஒன்று சேர்ந்தால் அது சரக்கு. தனித்தனியே விற்றால் வியாபாரி சொன்னதே விலை. சேர்த்து நிறுத்து விற்றால் நாமும் ஒரு விலை சொல்லலாம். வயல்வேலை குறைந்த நாட்களில் பெண் அங்கத்தினர்களுக்கு இது கௌரவமான வருமானமாகும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. சாலையோரத்து எண்ணெய்ப் புகை படிந்த மரத்துப் பூவும், மருந்து தெளித்த வயல்வரப்பிலுள்ள காயும் கூடா. இனந்தெரியாத செடியின் காயைப் பறிக்கலாகாது. அரைகுறையாய் உலர்ந்த சரக்கில் பூஞ்சணம் பூக்கும். ஒருவர் சரக்குக் கெட்டால் எல்லோர் பெயரும் கெடும். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, பொட்டலத்தின்மேல் எடையும் தேதியும் குறிக்கவேண்டும். இன்ன வியாதி தீரும் என்று மட்டும் அச்சிடலாகாது. அளவில் சரியாயிருப்பதைப் போலவே வாக்கிலும் சரியாயிருப்பது ஐக்கிய சங்கத்துக்கு அழகு.

பங்குனி மாதம் பிறக்குமுன் எத்தனை வீட்டார் சேரச் சம்மதிக்கிறார்கள் என்பதைக் காரியதரிசி ஒரு ஜாபிதாவாக எழுதிப் பஞ்சாயத்தார் முன் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.