பி.எம்.ஐ. 23: நம்மவர்களின் எல்லைக்கோடு



கல்யாண வீட்டில் பல மாதங்கள் கழித்துச் சந்திக்கும் உறவினரிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது என்ன? "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்பதுதான். கொஞ்சம் சதை போட்டிருந்தாலோ, "பூசின மாதிரி இருக்கீங்க, பார்க்கவே நல்லா இருக்கு" என்ற பாராட்டு கிடைக்கும். பஞ்சமும் காசநோயும் கண்ட தலைமுறைக்கு அது நியாயமான கணக்குதான். இன்றைய மலேசியாவில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல்! அதற்கு முந்தைய 2019 ஆய்வில் இது 50.1 விழுக்காடாக இருந்தது. அந்த 2019 ஆய்வு இனவாரியாகச் சொன்ன தகவல்தான் நம் சமுதாயத்தை உலுக்கியிருக்க வேண்டும். இந்தியர்களில் 63.9 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன், 68.3 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன், 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மூன்றிலுமே முதலிடம் நமக்குத்தான். கல்வியிலும் வியாபாரத்திலும் பிடிக்க முடியாத முதலிடம், இதில் போட்டியின்றிக் கிடைத்திருக்கிறது.

இந்த எடைக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதே உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. 1.65 மீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 24.2. உலக அளவுகோலில் 25-ஐத் தொட்டால்தான் அதிக எடை, 30-ஐத் தொட்டால்தான் உடல் பருமன். ஆகவே இவர் சுவரில் மாட்டிய அட்டவணையைப் பார்த்து, "நமக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகத் தே தாரிக் குடிக்கப் போய்விடுவார்.

அந்த நிம்மதிதான் ஆபத்து.

இந்தச் சூத்திரத்தை 1830-களில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர், கணித அறிஞர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருடைய ஆராய்ச்சி. நோயைக் கண்டுபிடிப்பது அவர் நோக்கமே இல்லை. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் தம் குழுவினருடன் அதை எடுத்து, இன்று நாம் அறிந்த பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களை அளந்து பழகிய கருவி இது. அதற்கு எலும்பு எது, தசை எது, கொழுப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதை விளக்க மருத்துவ உலகில் ஒரு சுவையான உதாரணம் உண்டு. 2004-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின், இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் என்னும் இரண்டு மருத்துவர்கள், 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லியே. ஆனால் வெள்ளைக்காரரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு! ஒரே எண், இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. அதே யாஜ்னிக், புனேயில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. இந்தியக் குழந்தையின் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடம்பில் மறைந்த கொழுப்பு, தாய் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23-இலேயே எச்சரிக்கை தேவை, 27.5-இல் அபாயம் அதிகம் என்று 2004-இல் அறிவித்தது. சிங்கப்பூர் 2005-இலேயே இந்த எல்லைகளுக்கு மாறிக்கொண்டது. மலேசிய ஆய்வு தந்த அந்த 54.4 விழுக்காடு இன்னும் 25, 30 என்ற பழைய அளவுகோலில் எடுக்கப்பட்டது. 23-ஐ வைத்து எண்ணினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் பாட்டனார் காலத்திலும் மூன்று வேளையும் சோறுதானே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் அவர் விடியற்காலை இருட்டிலேயே பால்மரக் காட்டுக்குப் போனார். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, மரம் மரமாகச் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது, சோறு கூடவே வந்தது. நடை தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பேரன் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்து போய், உட்கார்ந்து வேலை செய்து, நள்ளிரவு ஷிப்ட் முடிந்ததும் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் டின் பால் கலந்த தேநீருமாக உட்காருகிறான். அவனை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. அந்த நேரத்தில் வேறு எந்தக் கடை திறந்திருக்கிறது?

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அன்று. குடலையும் கல்லீரலையும் சூழ்ந்துகொண்டு, கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. அதனால் இன்சுலின் சொல்வதை உடல் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து கடைசியில் களைத்துப் போகிறது. அப்போது வருவதே இரண்டாம் வகை நீரிழிவு. கூடவே இரத்த அழுத்தம், மாரடைப்பு, கொழுப்புக் கல்லீரல், தூக்கத்தில் மூச்சுத் திணறல், மூட்டுவலி. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோரை அங்கே கொண்டு சேர்ப்பது நீரிழிவுதான். வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்திருக்கும் ஒரு குடும்பத் தலைவரால் வீட்டின் வருமானம் என்னவாகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால், "எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை, விட்டுவிட்டேன்" என்று சொல்வோருக்குச் சென்னையிலிருந்து ஒரு நல்ல செய்தி இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். உணவைத் திருத்தி, நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் சராசரி எடை குறையவே இல்லை! தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடக்கிறது.

பி.எம்.ஐ.யைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதோடு ஓர் அளவு நாடாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் அனைத்துலக நிபுணர் குழு ஒன்றும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடல் பருமனை முடிவு செய்யாமல் இடுப்பளவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு.

எல்லையைத் தாண்டியவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. 2019 ஆய்வில் நீரிழிவு இருந்த 18.3 விழுக்காட்டினரில், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 40 வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தினருக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ், பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் பரிசோதனை இலவசம். போகும்போது அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவையும் கையோடு அழைத்துப் போங்கள்.