தெரியாத பொருளா? திருத்தவேண்டிய விதியா?



சூரியனுக்குப் பக்கத்திலுள்ள புதன் வேகமாய் ஓடுகிறது. தூரத்திலுள்ள நெப்டியூன் மெதுவாய் நகருகிறது. நியூட்டன் விதிப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். நட்சத்திர மண்டலத்தின் ஓரத்திலுள்ள நட்சத்திரங்களும் அவ்விதமே மெதுவாய்ச் செல்லவேண்டுமல்லவா? ஆனால், 1970-ல் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் போர்டு என்பவரும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தை அளந்தபோது ஓரத்திலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பிறகு அளக்கப்பட்ட அநேக மண்டலங்களிலும் இதே கதைதான். தெரிகிற பொருளின் ஈர்ப்பு மாத்திரம் இருந்தால் அந்த நட்சத்திரங்கள் சிதறிப் போயிருக்க வேண்டும்.

இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் சமாதானம், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் சூழ்ந்திருக்கிறது என்பதாகும். 1983-ல் இஸ்ரேல் தேசத்து மில்க்ரோம் என்பவர், "பொருளில் குறைவில்லை, விதியில்தான் குறை" என்றார். பூமியில் நாம் காணும் ஈர்ப்பில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போனால், ஈர்ப்பு நியூட்டன் சொன்ன அளவுக்குக் குறைவதில்லை என்பது அவர் கட்சி.

"தெரியாததை நம்பாதே என்பதுதானே பகுத்தறிவு? ஆகவே மில்க்ரோம் சொல்வதே சரி" என்று சிலர் அவசரப்படக்கூடும். அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுவோம். யுரேனஸ் கணக்குத் தப்பி நடந்தபோது, பிரான்சு தேசத்து லெவெரியே, "தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது" என்றார். 1846-ல் நெப்டியூன் அகப்பட்டது. புதனும் கணக்குத் தப்பவே, 1859-ல் அவரே மறுபடியும் தெரியாத பொருளைச் சொன்னார். வல்கன் என்று பேரும் வைத்தாயிற்று. தேடித் தேடியும் கிரகம் இல்லை! 1915-ல் ஐன்ஸ்டீன் ஈர்ப்பு விதியையே திருத்திய பிறகுதான் புதன் கணக்கு நேரானது. ஆள் ஒருவரே, யுக்தியும் ஒன்றே. ஒரு தரம் மெய், ஒரு தரம் பொய். ஆகவே ஆளின் பெருமை தீர்ப்புச் சொல்லாது, சோதனைதான் சொல்லவேண்டும்.

சோதனை என்ன சொல்லுகிறது? 2016-ல் 153 மண்டலங்களை ஆராய்ந்ததில், தெரியும் பொருளின் ஈர்ப்பும் உண்மையான ஈர்ப்பும் ஒரே ஒழுங்கில் இணைந்திருக்கக் கண்டார்கள். இது மில்க்ரோமுக்குச் சாதகம். அன்றியும், அமெரிக்காவில் சௌத் டக்கோட்டா சுரங்கத்தில் சுமார் ஒரு மைல் ஆழத்தில், டன் கணக்கில் திரவ செனானை வைத்துக் காத்திருந்தும் கரும்பொருளின் துகள் ஒன்றும் இதுவரை பிடிபடவில்லை.

நிற்க, 2006-ல் வெளியான புல்லட் கூட்டத்தின் சங்கதி வேறு. மோதிக்கொண்ட இரண்டு மண்டலக் கூட்டங்களில், தெரியும் பொருளில் பெரும்பாகமான வாயு நடுவே தங்கிவிட்டது. ஈர்ப்போ வாயுவை விட்டு விலகி நிற்கிறது. பிரபஞ்சத்தின் ஆதிகால ஒளியை அளந்த கணக்கிலும், சாதாரணப் பொருளைப்போல் சுமார் ஐந்து மடங்கு கரும்பொருள் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் மில்க்ரோம் விதி மாத்திரம் தனியே போதாது. ஆகவேதான் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இன்றும் கரும்பொருள் பக்கம் இருக்கிறார்கள்.

தோழர்களே! இரண்டு கட்சியாரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தச் சோதனையில் தோற்றால் உங்கள் கொள்கையைக் கைவிடுவீர்கள்?" பதில் சொல்லக்கூடியவரோடு மேலே பேசுங்கள். எதில் தோற்றாலும் விடமாட்டேன் என்பவர் கையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தாலும், அவர் பேசுவது விஞ்ஞானமாகாது.