பதினோரு கடிதம், இருபது டாலர்



'ஓய்வு பெற்ற பிறகு மருத்துவச் செலவுக்குக் கைகொடுப்பது விசுவாசிகளின் பகிர்வா, காப்பீட்டு பாலிசியா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பாளையங்கோட்டை அண்ணாச்சி அருமையாகப் பேசினார். பேசி முடிக்கையில் என்னைக் காட்டி, "விசுவாசம் குறைந்தவர்கள்தான் பாலிசி பக்கம் போவார்கள்" என்று ஒரு போடு போட்டார். ஐயா, நான் நாகர்கோவில்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகலேன்னா எங்க வீட்டில் மத்தியானச் சோறு கிடையாது. விசுவாசம் இல்லாமல் நான் இந்த அணிக்கு வரவில்லை. அண்ணாச்சி சொன்ன அந்தப் பகிர்வு அமைப்பிலேயே உறுப்பினராக இருந்துவிட்டு வந்திருக்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விசுவாசிகள் சேர்ந்து மருத்துவச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் அமைப்புகள் இருக்கின்றன. ஒகையோவில் 1981இல் தொடங்கிய கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ், இல்லினாயில் சமாரிட்டன், ஃபுளோரிடாவில் மெடி-ஷேர் என்று பெயர் பெற்றவை சில. மாதாமாதம் ஒரு பங்கு கட்ட வேண்டும். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அந்தப் பணம் அங்கே போகும். சமாரிட்டனில் ஓர் உறுப்பினர் இன்னொரு உறுப்பினருக்கு நேராகவே செக் அனுப்புகிறார். கவருக்குள் ஆறுதலாக நாலு வரியும் எழுதி வைக்கிறார். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம்தான் இதற்கு அஸ்திவாரம். சிகரெட் கூடாது, சபைக்கு ஒழுங்காகப் போக வேண்டும், விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கவே நன்றாக இருக்கிறதா இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நியாயம் இருக்கிற இடத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டுக் கம்பெனி என்ன தங்கமா? போன் பண்ணினால் ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்து, ஒம்பதை அழுத்து என்கிறான். அழுத்தி அழுத்தியே நமக்கு ரத்த அழுத்தம் வந்துவிடும்! (சிரிப்பு) பிரீமியம் கட்டி, அதற்கு மேல் டிடக்டிபிள் கட்டி, அப்புறமும் 'இந்தச் சிகிச்சை அவசியம் இல்லை' என்று காகிதம் வரும். அறுபது தாண்டியவர்களுக்கு இன்னும் கஷ்டம். 2014 முதல் நடப்பில் இருக்கிற சட்டப்படி, இருபத்தொரு வயதுப் பையனுக்கு வாங்குகிறதைப் போல மூன்று மடங்கு வரை அறுபத்துநாலு வயதுக்காரரிடம் வாங்கலாம். மெடிகேர் அறுபத்தைந்தில்தான் தொடங்குகிறது. அறுபத்திரண்டில் வேலையை விட்டவன் நடுவிலே மூன்று வருஷம் எங்கே போவான்? அண்ணாச்சி கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்த மூன்று வருஷத்தில் மாட்டிக்கொண்டவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

2016 ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றேன். வயது 62. கோப்ரா என்று ஒரு ஏற்பாடு, பெயரே பயமாக இருக்கிறதல்லவா! பழைய கம்பெனியின் காப்பீட்டை முழுச் செலவும் நாமே கட்டிப் பதினெட்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். 2017 டிசம்பரோடு அது முடிந்தது. அரசாங்கச் சந்தையில் விசாரித்தேன். எனக்கும் வீட்டம்மாவுக்கும் சேர்த்து மாதம் 1,700 டாலர் என்றார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்த பணம் வருமானக் கணக்கில் ஏறி, மானிய வரம்பைத் தாண்டிவிட்டேன். ஒரு டாலர் தாண்டினாலும் அந்த நாளில் மானியம் மொத்தமும் போச்சு.

அப்போதுதான் சபையில் ஒரு சகோதரர் சொன்னார்: "மாசம் ஐந்நூறு டாலர், பிரதர். கூட ஜெபமும் பண்ணுவாங்க." 1,700 எங்கே, 500 எங்கே! மாதம் 1,200 மிச்சம். எங்க ஊர்க்காரனுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டுமா? 2018 ஜனவரியில் சேர்ந்துவிட்டேன்.

செப்டம்பரில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்டென்ட், மூன்று ராத்திரி. வீட்டுக்கு வந்த பில் 86,000 டாலர். நான் கலங்கவில்லை. 'சகோதரர்கள் இருக்கிறார்கள்' என்று பில்லை அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் தன் குறிப்பில் 'மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம்' என்று எழுதியிருக்கிறாராம். அது அயிலை மீன் குழம்பு செய்த வேலை என்று நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவர் நான் சொன்னதை எழுதவில்லை, இறுக்கத்தை மட்டும் எழுதிவிட்டார். ஆகவே இது சேருவதற்கு முன்பே இருந்த நோய், பகிர முடியாது. மேல்முறையீடு போட்டேன். அதற்கும் அன்பாகத்தான் பதில் எழுதினார்கள். முடியாது என்பதை அவ்வளவு அன்பாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் அவர்களைத் திட்டவில்லை, நடுவர் அவர்களே. அவர்கள் பொய் சொல்லவில்லை. சேரும்போது கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'இது காப்பீடு அல்ல. உங்கள் செலவு தீர்க்கப்படும் என்று உறுதி கிடையாது. பில்லுக்கு எப்போதும் நீங்களே பொறுப்பு.' முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ முப்பது மாநிலங்களில் இந்த அமைப்புகளுக்குக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அதற்குப் பதிலாக இப்படி எச்சரிக்கை போடச் சொல்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. ஜெபம் பண்ணுகிறவர்கள் கொடுத்த காகிதத்தைப் படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைச்சல் என்று நினைத்துவிட்டேன்.

காப்பீட்டுக்காரனும் மறுப்பான் என்று அண்ணாச்சி சொன்னார். மறுப்பான். ஆனால் அவன் மறுத்தால் வெளி ஆளை வைத்துப் பரிசீலனை கேட்க எனக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மாநிலக் காப்பீட்டு ஆணையரிடம் புகார் எழுதலாம். பழைய நோய் என்கிற வார்த்தையையே அவன் எடுக்க முடியாது. 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதை எடுத்துவிட்டது. கம்பெனி மூழ்கினால்கூட மாநில அளவில் ஓர் உத்தரவாத நிதிச் சங்கம் ஓரளவுக்காவது கை கொடுக்கும். பகிர்வு அமைப்பு மூழ்கினால்? 2021 ஜூலையில் ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ் திவால் மனு கொடுத்தது. அதை நம்பியவர்களின் பில்கள் தீராமல் நின்றன. எல்லா அமைப்பும் அப்படி இல்லை. பல குடும்பங்களின் பெரிய பெரிய பில்களைத் தீர்த்துவைத்த அமைப்புகளும் உண்டு. எது எப்படி என்று வெளியில் இருந்து நமக்குத் தெரியாது என்பதுதான் என் பயம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம ஊர் மொய் என்ன, பகிர்வுதானே? அதுக்கு எந்தச் சட்டம் இருக்கு?" கைதட்டல் அள்ளிவிட்டார். அம்மா, மொய்க்குச் சட்டம் இல்லை, நோட்டு இருக்கிறது! இன்னார் 501 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறது. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் நான் செய்யவில்லை என்றால் ஊர் கேட்கும், டீக்கடை கேட்கும், மாமியார் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து கடன் வாங்கியாவது செய்வோம். பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்களைப் பாருங்கள். காப்பீடே வேண்டாம் என்கிறவர்கள். 1965இல் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்துகூட அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஒருவர் நோயில் விழுந்தால் சபையே செலவைத் தாங்குகிறது. ஏன் நடக்கிறது? பக்கத்துப் பண்ணைக்காரன், அதே சபை, அதே கல்லறைத் தோட்டம். எனக்கும் என் பில்லைப் பார்த்த அலுவலருக்கும் நடுவில் ஆயிரம் மைல். அங்கே ஊரும் இல்லை, நோட்டும் இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பாதி வருஷத்தில் பகிர்விலிருந்து விலகிக் காப்பீட்டில் சேரலாமே என்று கேட்டேன். முடியாது என்றார்கள். காப்பீட்டை இழந்தவனுக்குத்தான் நடுவில் சேர வழி உண்டு. பகிர்வை சட்டம் காப்பீடாகக் கணக்கில் எடுக்காததால், அதை இழந்தாலும் நான் எதையும் இழக்காதவன்! நவம்பர் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நவம்பரில் பதிந்து, 2019 ஜனவரியில் பாலிசி வந்தது. ஸ்டென்ட் வைத்த மார்போடு போனேன். சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். இதயத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அன்றைக்குத்தான் ஐயா, வெறும் சட்டம் எழுதின காகிதத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

பழைய பில்லுக்கு ஆஸ்பத்திரியில் உதவி மனு எழுதினேன். முப்பது வருஷம் வேலை பார்த்தவன், வருமானம் குறைந்தோர் வரிசையில் பாரம் நிரப்பினேன். அதை வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. பேரம் பேசி 31,200 டாலருக்கு இறக்கினார்கள். மாதம் 650 வீதம் நாலு வருஷம் கட்டினேன். பகிர்வில் சேர்ந்து ஒன்பது மாதத்தில் மிச்சம் பிடித்தது 10,800. மிச்சக் கணக்கை நடுவர் போட்டுக்கொள்ளட்டும்.

"அறுபத்தைந்துக்கு மேலும் பகிர்வே போதும்" என்று அண்ணாச்சி கடைசியில் சொன்னாரே, அதைத் தயவுசெய்து யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். இதில் எனக்கு விளையாட்டு இல்லை. பகிர்வில் இருந்துகொண்டு மெடிகேர் பார்ட் பி எடுக்காமல் தள்ளிப்போட்டால், தாமதமான ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து சதவீதம் அபராதம். மூன்று வருஷம் தள்ளினால் முப்பது சதவீதம். அது ஒரு தடவை கட்டுகிற அபராதம் இல்லை, பார்ட் பி இருக்கிற வரைக்கும் கட்ட வேண்டியது. வேலையில் இருந்து கம்பெனிக் காப்பீடு இருந்தால் தள்ளிப்போடலாம். பகிர்வுக்கு அந்தச் சலுகை கிடையாது. பார்ட் பி தொடங்கின ஆறு மாதத்துக்குள் உபரி பாலிசியும் உடம்பைப் பற்றிக் கேள்வி இல்லாமல் வாங்கலாம். அந்த ஆறு மாதம் போனால் பெரும்பாலான மாநிலங்களில் கேட்பார்கள். எங்கள் சபையிலேயே ஒரு பெரியவர் மூன்று வருஷம் தள்ளிவிட்டு இப்போது முப்பது சதவீதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று சொல்லட்டுமா, அண்ணாச்சி? சில பகிர்வு அமைப்புகளே 65 ஆனவர்களிடம், "முதலில் பார்ட் ஏ, பார்ட் பி எடுத்துவிட்டு வா" என்றுதான் சொல்கின்றன. அவர்களே எங்கள் அணி! (கைதட்டல்)

நடுவர் மணி அடிக்கக் கையை வைத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

பகிர முடியாத பில்களுக்கு என்று அந்த அமைப்பின் மாத இதழில் ஒரு பக்கம் உண்டு. மனசு இருக்கிறவர்கள் ஜெபிக்கலாம், முடிந்ததை அனுப்பலாம். என் பெயரை அதில் போட்டார்கள். பதினோரு கடிதம் வந்தது. பத்தில் ஜெபம். பதினோராவது ஒரு விதவைத் தாயார் எழுதியது. கை நடுங்கி எழுதிய எழுத்து, உள்ளே நாலாய் மடித்த ஒரு இருபது டாலர் நோட்டு. அந்த நோட்டை நான் செலவு பண்ணவில்லை, வேதாகமத்துக்குள் இருக்கிறது. எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் எனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினதில்லை. எழுதவும் வேண்டாம், பில்லைக் கட்டினால் போதும்.

அந்தத் தாயாருக்கு நான் பதில் எழுதினேன். நன்றி சொல்லி, அவர் நலனுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'அம்மா, உங்களுக்கு 65 ஆகிவிட்டதா? பார்ட் பி எடுத்துவிட்டீர்களா?'