விளையாட்டுக் கணினியும் தாய்ப்பலகையின் செருகுவாய்களும்

மேரு, கிள்ளான் வட்டாரங்களில் விளையாட்டுக் கணினியைத் தாமே பூட்ட விரும்புவோர், கிள்ளானில் கொமுட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மோனோரயிலில் இம்பி நிலையம் வரை சென்றால், லோ யாட் பிளாசாவின் கணினிக் கடைகளை நடந்தே அடைந்துவிடலாம். செயலியையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவோரில் பலர், அவ்விரண்டையும் தாங்கும் தாய்ப்பலகையை, அதாவது மதர்போர்டை, விலையை மட்டும் பார்த்து எடுத்துவிடுகின்றனர். பின்னாளில் ஒரு கார்டைக் கூடுதலாகப் பொருத்த முனையும்போதுதான் இடமின்மை தெரியவருகிறது.

கூடுதல் கார்டுகளைப் பொருத்துவதற்குத் தாய்ப்பலகையில் அமைந்த நீண்ட பிளவுகளே விரிவுச் செருகுவாய்கள். கடைகளில் இவை ஸ்லாட் எனப்படும். இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவின்படி, 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பலகையில் ஏழு செருகுவாய்கள் வரை அமையலாம். 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸில் நான்கும், 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸில் ஒன்றும் அமையும்.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. இன்றைய பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகள் பல, மூன்று செருகுவாய்களின் தடிமன் கொண்டவை. அடுத்தடுத்த செருகுவாய்களுக்கு இடையே ஏறத்தாழ 20 மில்லிமீட்டரே இருப்பதால், அத்தகைய கார்டைப் பொருத்தியதும் அதன் கீழுள்ள இரண்டு இடங்கள் மறைந்துவிடுகின்றன. அதற்கும் கீழே ஒட்டினாற்போல் இன்னொரு கார்டை வைத்தால் விசிறிகள் காற்றை இழுக்க இடமிராது என்பதால், கிள்ளானின் வெப்பத்தில் ஓரிட இடைவெளி விடுவதே நல்லது.

செருகுவாயின் நீளமும் அதன் திறனைக் காட்டுவதில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் தரவு செல்லும் இணைப்புகள் தடங்கள் எனப்படும். பதினாறு தடங்களுக்குரிய நீளம் கொண்ட செருகுவாயில் உண்மையில் நான்கு தடங்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருப்பது உண்டு. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை மேசைக்கணினிச் செயலி தரும் 28 தடங்களில், பொதுவாக 16 கிராஃபிக்ஸ் கார்டுக்கும், 8 எம்.2 எனும் மெல்லிய சேமிப்பகங்களுக்கும், எஞ்சிய 4 சிப்செட் எனும் துணைச் சில்லுக்கும் போகின்றன. கீழ்ச் செருகுவாய்கள், யுஎஸ்பி, பிணைய இணைப்பு முதலியவை பெரும்பாலும் அந்த நான்கு தடங்களையே பகிர்ந்துகொள்கின்றன. சில பலகைகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தை நிரப்பினால், ஒரு செருகுவாயோ சாட்டா எனும் சேமிப்பக இணைப்புகள் சிலவோ செயலிழந்துவிடுவதும் இதனால்தான்.

இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை இணைத்து விளையாடும் வழக்கம் மறைந்துவிட்டது. என்விடியா 2022-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் அதற்கான இணைப்பே இல்லை. ஆதலால் விளையாட்டு மட்டுமே நோக்கமெனில், ஒரு முழுச் செருகுவாயும் இரண்டு எம்.2 இடங்களும் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையே போதும். மிஞ்சும் ரிங்கிட்டைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவிடலாம். விளையாட்டை நேரலையில் ஒளிபரப்பக் கேப்சர் கார்டு வேண்டுவோர், பெரிய கார்டு மறைக்காத இடத்தில் செருகுவாய் உள்ள ஏடிஎக்ஸ் பலகையைத் தேர்வது பொருந்தும். எதை வாங்குவதாயினும், தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் கிடைக்கும் கையேட்டில் தடப்பகிர்வு அட்டவணையைப் பார்த்த பின்பே பணம் செலுத்துவது நலம்.