கமலாவின் காப்பு: மூன்று பாகம் பார்த்தபிறகு சில குறிப்புகள்

(26.06.2022 ஞாயிறு, திரிம்பாக்கில் நடந்த மாதாந்தச் சந்திப்பில் பேசியது. மடலுக்காகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சுமொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



இண்டைக்கு 'மிஸ் மார்வல்' தொடரைப் பற்றிக் கதைக்கப்போறன் எண்டு அறிவித்தல் வந்தவுடன குழுவில ஒரு தோழர் கேட்டார்: ஊரில சனம் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள்க்கணக்கா வரிசையில நிக்குது, காலிமுகத்திடலில பொடிபெட்டையள் கூடாரம் அடிச்சு இருக்குதுகள், நாங்கள் இங்க டிஸ்னிப் படம் பாத்துக்கொண்டு இருக்கிறமோ எண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எங்கட வீடுகளில பிள்ளையள் புதன்கிழமை பள்ளிக்கூடத்தால வந்து முதல்ல திறக்கிறது என்னத்தை எண்டு அவருக்கும் தெரியும். பிள்ளைக்கு ஆர் கதை சொல்லுறான், என்ன கதை சொல்லுறான் எண்டது எப்பவும் எங்கட விசயம்தான்.

ஆறு பாகத்தில மூண்டுதான் இதுவரை வந்திருக்கு: ஜூன் 8, 15, 22. ஆகவே இது விமர்சனம் இல்லை. முதல் பார்வை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

பாக்காத ஆக்களுக்குக் கதைச் சுருக்கம். அமெரிக்காவில நியூ ஜேர்சி மாநிலம், ஜேர்சி சிற்றி. கமலா கான், பதினாறு வயசு, பாகிஸ்தானியக் குடும்பம். வீட்டில அம்மா முனீபா, அப்பா யூசுப், தொழுகையை விடாத தமையன் ஆமிர். பிள்ளைக்குக் கப்டன் மார்வல் எண்ட வீராங்கனை மேல பைத்தியம். அம்மம்மா கராச்சியிலயிருந்து அனுப்பின பெட்டிக்குள்ள ஒரு பழைய காப்பு. அதைக் கையில போட்டவுடன கையிலயிருந்து ஒளி கிளம்புது, அந்த ஒளி கல்லுமாதிரி இறுகி நிக்குது, அதில ஏறி நடக்கலாம். மிச்சம் வழமையான மார்வல் சாமான்.

கமலாவா நடிக்கிற இமான் வெல்லானி கராச்சியில பிறந்து கனடாவில மார்க்கத்தில வளந்தவர். மார்க்கம் எண்டவுடன உங்களுக்கு ஆற்றை ஞாபகம் வரும் எண்டு எனக்குத் தெரியும். எங்கட பாதிச் சொந்தம் அங்கதான் இருக்கு. எங்கட மைத்திரேயி ராமகிருஷ்ணன் மிஸிஸாகாவில வளந்து, நெற்பிளிக்ஸில இந்தியத் தமிழ்ப் பிள்ளையா நடிச்சார். ஈழத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை அமெரிக்கத் திரைக்கு இந்தியப் பிள்ளையாத்தான் போகவேண்டி இருந்தது. அதையும் ஒரு பக்கம் வையுங்கோ.

முதல்ல எனக்குப் பிடிச்சதைச் சொல்லுறன். முதலாம் பாகத்தில கமலாவுக்கு ஒரு விழாவுக்குப் போகவேணும். அம்மா விடமாட்டா. பிறகு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிக்கிறா: அப்பாவோட போகலாம், அப்பாவும் பச்சைப் பூதம் ஹல்க் மாதிரி வேசம் போடுவார். அவர் பாவம், பச்சைச் சாயம் பூசிக்கொண்டு சந்தோசமா வந்து நிக்கிறார். பிள்ளை வெக்கத்தில அவரைக் காயப்படுத்திப்போடுது. அந்த மனிசன்ர முகத்தைப் பாத்தபிறகு எனக்குச் சண்டைக் காட்சி ஒண்டும் பெரிசாத் தெரியேல்ல. கட்டுப்பெட்டித் தாய், கொடுமைக்காரத் தகப்பன், வீட்டை விட்டு ஓடித் தப்புற மகள் எண்ட கதையைத்தான் மேற்கு நாட்டுத் திரை எங்களைப் பற்றிக் கன காலமாச் சொல்லிவந்தது. தாடி வைச்ச தமையன் வந்தால் குண்டு வரப்போகுது எண்டு அர்த்தம். இதில ஆமிர் தாடியோட வாறார், சாப்பிடுறார், பகிடி விடுறார், மூண்டாம் பாகத்தில தைஷா எண்ட கறுப்பின முஸ்லிம் பெண்ணைக் கலியாணம் செய்யிறார். குடும்பம் நிண்டு ஆடுது. எங்கட மண்டபங்களில இப்படி ஒரு கலியாணம் நடந்தால் பின்வரிசையில என்ன கதைப்பினம் எண்டு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்டு நக்கியா. கமலாவின்ர சிநேகிதி, தலைமறைப்புப் போட்ட பிள்ளை. பள்ளிவாசலில பெண்கள் பக்கம் கவனிப்பார் இல்லாமல் கிடக்கு. அதோட நக்கியாவின்ர சப்பாத்தையும் ஆரோ களவெடுத்துப்போட்டினம். அவள் அழேல்ல, மதத்தை விட்டு வெளியேறவும் இல்லை, நிர்வாகசபைத் தேர்தலில நிண்டு வெல்லுறாள். வாக்குக் கேட்டுத்தான் வெல்லுறாள், மந்திரக் காப்பு ஒண்டும் இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் தொடரில உண்மையான வீராங்கனை நக்கியாதான். சுவிஸில எத்தினை கோயில், எத்தினை சங்கம், எத்தினை விளையாட்டுக் கழகம் எங்களிட்ட இருக்கு. சமையல்கட்டில நிக்கிற பெண்களையும் மேடையில நிக்கிற பெண்களையும் எண்ணிப் பாருங்கோ. பேர்ணில மதங்களின் இல்லத்தில சைவநெறிக்கூடம் பெண்களைக் கருவறைக்குள்ள பூசைக்கு விட்டது பெரிய விசயம். ஆனால் கணக்குப் புத்தகத்தை ஆர் வைச்சிருக்கினம் எண்டதையும் கேக்கவேணும்.

இனிப் பிடிக்காதது. டிஸ்னி மார்வலை வாங்கினது 2009இல, ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு. அந்தக் காசைத் திருப்பி எடுக்கிறதுக்கு உலகத்தில இருக்கிற ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு முகம் வேணும். எங்கட முகத்துக்கும் இப்ப ஒரு விலை வந்திட்டுது, அதுதான் கதை. கமலா கும்பிடுற கப்டன் மார்வல் ஆர்? அமெரிக்க விமானப்படை விமானி. 2019இல வந்த அந்தப் படத்துக்கு விமானப்படையே ஒத்துழைப்புக் குடுத்தது. அதே அரசு 2004இலயிருந்து பாகிஸ்தானின்ர எல்லைப்புறத்தில ஆளில்லா விமானத்தால குண்டு போட்டது. இந்த மூண்டு பாகத்தில அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேடிக்கை என்னெண்டால், இரண்டாம் பாகத்தில பள்ளிவாசல் கோபுர யன்னலில தொங்கின ஒரு பொடியனைக் கமலா காப்பாத்துறாள், உடன அவளைக் கலைக்கிறது அரசாங்கத்தின்ர ஆளில்லா விமானங்கள்தான். எழுதின பிஷா அலி தெரிஞ்சுதான் அதை வைச்சாரோ தெரியாது. எனக்கு உறைச்சது.

இன்னொரு குறை எங்கட பார்வையில முக்கியம். 2014இல படப்புத்தகமா வந்தபோது (சனா அமனாத் பதிப்பாசிரியர், வில்லோ வில்சன் எழுத்து, அல்போனா ஓவியம்) கமலாவின்ர சக்தி அவளின்ர சொந்த உடம்பில இருந்தது. கை நீளும், கால் பெருக்கும், பாக்க அசிங்கமாவும் இருக்கும். முதல் தரம் உருமாறேக்க அவள் வெள்ளைத் தோலும் பொன் தலைமயிருமாத்தான் மாறுறாள். தன்ர தோலில வீரம் இருக்கலாம் எண்டு அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகுதான் தன்ர முகத்துக்குத் திரும்புறாள். தொடர் இதை எடுத்துப்போட்டுக் காப்பை வைச்சிருக்கு. சக்தி இப்ப பரம்பரையால வருது. இரத்தத்தால மேன்மை எண்ட கதையை ராசா காலத்திலயிருந்து கேட்டுக் களைச்ச சனம் நாங்கள்.

அந்தப் புத்தகத்தின்ர கமலாவுக்கு நடந்த நல்ல விசயம் டிஸ்னியால நடந்ததில்லை. 2015 ஜனவரியில சான் பிரான்சிஸ்கோவில பஸ்களில முஸ்லிம்களுக்கு எதிரா விளம்பரம் ஒட்டியிருந்தது. ஆரோ இரவோட இரவா அதுக்கு மேல கமலாவின்ர படத்தை ஒட்டிவிட்டினம். முதலாளியின்ர சரக்கைச் சனம் தெருவில பறிச்செடுக்கிறது எண்டால் அப்பிடித்தான்.

பொலிஸ் விசயத்துக்கு வாறன். தொடரில ஒரு அரசாங்கத் திணைக்களம் கமலாவைத் தேடுது. தெற்காசியப் பிள்ளை எண்டு தெரிஞ்சவுடன பள்ளிவாசல்களைத் தேடச் சொல்லி உத்தரவு. மூண்டாம் பாகத்தில வாசலில வந்து நிக்கிற அதிகாரிகளிட்டப் பிடியாணை எங்க எண்டு கேக்கிற இடம் நல்லா இருக்கு. இது கற்பனை இல்லை. நியூயோர்க் பொலிஸ் நியூ ஜேர்சிக்குள்ளயும் போய் முஸ்லிம்களின்ர கடை, பள்ளிவாசல், மாணவர் சங்கம் எல்லாத்தையும் வருசக்கணக்கா உளவு பாத்ததை அசோசியேற்றட் பிரஸ் 2011இல வெளியில கொண்டுவந்தது. ஒரு பயங்கரவாத வழக்குக்குக்கூட அதால துப்புக் கிடைக்கேல்ல எண்டு பொலிஸே ஒப்புக்கொண்டது. 2014இல அந்தப் பிரிவை மூடினவை.

இப்ப இங்க வாங்கோ. முதலாம் பாகம் வந்தது ஜூன் 8. அதுக்கு ஒரு கிழமை முதல், ஜூன் முதலாம் திகதி, சுவிஸில பயங்கரவாதத் தடுப்புக்கான பொலிஸ் நடவடிக்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போன வருசம் ஜூன் 13 வாக்கெடுப்பில 56.6 வீதம் ஆம் போட்ட சட்டம். குற்றம் செய்யவேண்டியதில்லை, செய்யக்கூடும் எண்டு கருதினால் காணும். பன்னிரண்டு வயசிலயிருந்து பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைக்கச் சொல்லலாம், இன்னாரோட பழகாதே எண்டு தடை போடலாம். அதுக்கு நீதிமன்றம் தேவையில்லை. பதினைஞ்சு வயசிலயிருந்து வீட்டுக்காவல், அதுக்கு மட்டும் நீதிமன்ற அனுமதி வேணும். கமலாவுக்குப் பதினாறு. 1979 இலங்கைச் சட்டத்தின்ர கீழ அண்ணன்மாரைப் பறிகுடுத்த சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கோபுரத்தையும் விடேலாது. இங்கயிருந்து ஒல்ரனைத் தாண்டினால் வாங்கன். அங்க துருக்கிய கலாசாரச் சங்கத்தின்ர கூரையில ஆறு மீற்றர் உயரத்தில ஒரு சின்ன மினாரா நிக்குது. பாங்கு சொல்லுறதில்லை. சும்மா நிக்குது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2009 ஜனவரியில வைச்சவை. அந்தச் சண்டையில ஊதிப்பெருத்த நெருப்புத்தான் அதே வருசம் நவம்பர் 29 வாக்கெடுப்பு, 57.5 வீதத்தால மினாராத் தடை அரசியலமைப்பிலயே ஏறினது. நாடு முழுக்க நாலே நாலுதான் இருந்தது. திரிம்பாக்கில எங்கட அம்மன் கோயில் இருக்கு, தேர் இழுக்கிறம், மேளம் அடிக்கிறம். நல்லது. ஆனால் அந்த நேரம் எங்கட ஆக்கள் சிலர் 'அது முஸ்லிம் பிரச்சினை, எங்களுக்கென்ன' எண்டு சொன்னதை நான் என்ர காதால கேட்டனான்.

காப்புக்கு வாறன். அம்மம்மாவின்ர குடும்பம் 1947 பிரிவினையில இந்தியாவை விட்டு வந்தது. கடைசி ரயிலடியில குழந்தை தவறிப்போய், நட்சத்திரப் பாதையைப் பின்தொடந்து தகப்பனிட்ட வந்து சேந்ததாம். சாப்பாட்டு மேசையில இதைச் சொல்லுகினம். ஒரு கோடிக்கும் மேல சனம் இடம்பெயர்ந்த கதை, பிள்ளைக்குத் தேவதைக் கதையா வந்து சேருது. எங்களிட்டயும் ரயில் கதை இருக்கு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கெண்டு எழுதினது. கொழுந்து பறிச்ச சனம் மலையகத்து ஸ்ரேசன்களில கட்டிப்பிடிச்சு அழுது, தலைமன்னாருக்கு ரயில் ஏறி, கப்பலில ராமேஸ்வரம் போனது. அதைத் தொடராக்க ஒரு கொம்பனியும் வராது.

இரண்டாம் பாகம் முடிய என்ர மகள், பதினாலு வயசு, டொச்சில பாக்கிறவள், கேட்டாள்: 'அம்மா, யாழ்ப்பாணத்தில முஸ்லிம் ஆக்கள் இருந்தவையா?' இருந்தவை. 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சோனகத் தெருச் சனத்துக்குப் புலிகள் குடுத்தது இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுக்க ஏறத்தாழ 75,000 பேர் சில நாளுக்குள்ள துரத்தப்பட்டினம். போற வழியில மறிச்சு, காசு, பத்திரம், நகை எல்லாம் பறிச்சவை. பெண்களின்ர காப்பு, குழந்தைப்பிள்ளையின்ர காதுத் தோடு வரை. கமலாவின்ர அம்மம்மாவுக்குக் காப்பாவது மிஞ்சினது. எங்கட மொழி பேசின அந்தப் பெண்கள் புத்தளத்து முகாமுக்கு வெறுங்கையோட போய்ச் சேந்தவை. காப்பு எண்டால் எங்கட மொழியில காவல் எண்டும் அர்த்தம்.

மகளுக்கு இவ்வளவையும் சொன்னன். 'ஏன் இதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்ல' எண்டாள். 83 ஜூலையைச் சொல்லுறம், முள்ளிவாய்க்காலைச் சொல்லுறம், சொல்லத்தான் வேணும். 90 ஒக்டோபர் மட்டும் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில இல்லை. அப்ப கொரோனாவில இறந்த முஸ்லிம்களின்ர உடலைக் குடும்பம் கதறக் கதற எரிச்சபோது, 'நவரசம்' எண்டு தமிழில கவிதை எழுதின அஹ்னாப் ஜஸீமை 2020 மேயில பிடிச்சு ஒண்டரை வருசத்துக்கு மேல உள்ள வைச்சபோது, ஜெனீவாவில கொடியோட நிக்கிற எங்கட கூட்டம் எங்க நிண்டது? கொஞ்சப்பேர் நிண்டவை, அவையளை மறக்கேல்ல.

சிலர் இந்தத் தொடருக்கு இணையத்தில ஒரு நட்சத்திரம் போட்டுக் கீழ இழுக்கிறாங்கள். அவங்களுக்காகவே பாக்கலாம் எண்டு தோன்றும். ஆனால் நான் காத்திருக்கிறது கராச்சிக்கு. மூண்டாம் பாகம் முடியேக்க அம்மம்மா அங்க வரச்சொல்லிக் கூப்பிடுறா. அடுத்த இரண்டு பாகமும் ஷர்மீன் ஒபைத் சினோய் இயக்கம். ஆவணப்படம் எடுத்து ஒஸ்கார் வாங்கினவர். பிரிவினையை அவர் நட்சத்திரப் பாதையாவே விட்டுவிடுவாரோ, ரயிலுக்குள்ள இருந்த சனத்தையும் காட்டுவாரோ, பாப்பம். இந்துவும் சீக்கியரும் முஸ்லிமும் ஆளையாள் வெட்டினதைச் சொல்லாமல் வெள்ளைக்காரன் கோடு போட்டான் எண்டு மட்டும் சொன்னால் அது அரைக்கதை. கோடு போட்டவனை விட்டிட்டுச் சொன்னாலும் அரைக்கதை.

கடைசிப் பாகம் ஜூலை 13. அதுக்குப் பிறகு வாற ஞாயிறு, 17ஆம் திகதி, இதே இடத்தில பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பக் கூடுவம். இந்த முறை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவையள் முதல்ல கதைக்கட்டும். டொச்சில கதைச்சாலும் பரவாயில்லை, இடையில மறிக்காதேங்கோ.