இருட்டில் நடக்கிறவளுக்கு ஒரு ரோச் லைற்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுகாதாரம் பற்றி ஏதாவது கதையுங்கோ என்று சங்கச் செயலாளர் கேட்டபோது நீரிழிவும் கொலஸ்ரரோலும்தான் அவர் மனதில் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி உங்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய. நான் இன்றைக்கு ரோச் லைற் பற்றிக் கதைக்கப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சரி, இந்த மண்டபத்தில் யாருடைய கைப்பையில் இப்போது ஒரு ரோச் இருக்கிறது, கையை உயர்த்துங்கள் பார்ப்போம். நாலு பேர். அதில் இரண்டு பேர் தாதிய உத்தியோகத்தர்கள் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

என் வயதுக்காரருக்கு வெளிச்சத்தின் விலை தெரியும். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டது. மண்ணெண்ணெய் கிடைத்தால் போத்தல் கணக்கில்தான். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் சாதாரணதரம் படித்தோம். வீட்டில் தப்பியிருந்த ரோச்சைத் தொட்டால் "சும்மா அடியாதை, பற்றறி போயிடும்" என்ற குரல் உடனே வரும். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. இன்றைக்கு எந்தக் கடையிலும் பற்றறி வாங்கலாம். இருந்தும் எங்கள் அம்மாமார் ரோச்சைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு ரொயிலற்றுக்குப் போகிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களிடம் "ரோச் இருக்கவில்லையா அம்மா" என்று கேட்டால், "இருந்தது பிள்ளை, நல்ல ரோச், மகன் லண்டனால அனுப்பினவன்" என்பார்கள்.

இளையவர்களுக்குக் கைத்தொலைபேசியே ரோச். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது அது எங்களைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் தனியாக ஒழுங்கையால் வரும்போது அது உதவாது. அதன் வெளிச்சம் நாலைந்து எட்டுக்கு மேல் போகாது. எரிய வைக்கத் திரையைப் பார்க்கவேண்டும், அந்த நேரம் கண் பாதையில் இல்லை. பறித்துக்கொண்டு ஓட நினைக்கிறவனுக்கு வேண்டிய சாமானையே கையில் நீட்டிக்கொண்டு போகிறீர்கள். அது போய்விட்டால் 119 இற்கு எதால் அழைப்பது?

அதனால் தனியாக ஒரு ரோச் வேண்டும். இப்போது 'ரக்ரிக்கல்' ரோச் என்று ஒன்றை விற்கிறார்கள். பொலிசும் படையினரும் பாவிப்பதற்காக வந்த வகை. கட்டி அலுமினிய உடம்பு, வால் பக்கத்தில் சுவிச். தற்பாதுகாப்பு ஆயுதம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆயுதம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த அமைப்பில் எங்களுக்கு வேண்டிய நல்ல விஷயங்கள் இருக்கின்றன.

முதலில், வெளிச்சம் கண்ணுக்கு என்ன செய்கிறது? விழித்திரையில் இருட்டுக்கென்று வேலை செய்யும் கோல் கலங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ரொடொப்சின் என்ற பொருள் இருட்டில் மெல்ல மெல்லச் சேரும். கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். அப்படிப் பழகிய கண்ணில் திடீரென்று பெரு வெளிச்சம் விழுந்தால் அந்தப் பொருள் வெளுத்துப்போகும். ஆள் முகத்தைத் திருப்புவார், கை தானாகக் கண்ணுக்கு முன் வரும், பிறகு கொஞ்ச நேரம் பார்க்குமிடமெல்லாம் ஒரு பொட்டு நிற்கும். அவ்வளவுதான். குருடாவதில்லை, விழுவதில்லை. சில விநாடிகள் உங்களுக்குக் கிடைக்கும், அதற்குள் வெளிச்சமுள்ள வீட்டையோ கடையையோ நோக்கி ஓடவேண்டும். வெறியில் நிற்கிறவன் அதையும் மீறி வரக்கூடும். தெருவிளக்குக்குக் கீழே இதன் பலன் இன்னும் குறைவு.

உண்மையில் ரோச்சின் பெரிய உதவி அந்த நிலைமைக்கு முன்னமே கிடைக்கிறது. இருபது முப்பது எட்டுக்கு முன்னால் வேலியோரத்தில் நிற்பது ஆளா, மாடா, கிடுகுக் கட்டா என்று தெரியும். ஆளென்றால், தன்னைக் கண்டுவிட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். திரும்பிப் போகவும் மற்ற ஒழுங்கையால் சுற்றவும் உங்களுக்கு நேரம் இருக்கும்.

வாங்கப் போனால் முதலில் சுவிச்சைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கைப்பைக்குள் கையை விட்டு, ஒரு கையால் எடுத்து, ஒரு அழுத்தலில் முழு வெளிச்சம் வருகிறதா? வாலில் சுவிச் உள்ளதில் பெருவிரல் தானாக அங்கே போகும். அரைவாசி அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைகிற வகை இன்னும் நல்லது. முதல் அழுத்தலுக்கு மங்கல், அடுத்ததற்கு நடுத்தரம், அதற்கடுத்ததற்குச் சிமிட்டல் என்று போகிற ரோச்சை வைத்துவிட்டு வாருங்கள். பயத்தில் கை நடுங்கும்போது யாருக்கும் எண்ண வராது.

அந்தச் சிமிட்டலைத்தான் எதிராளி தடுமாறுவான் என்று பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். அது சிமிட்டும்போது அவன் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று உங்களுக்கும் தெரியாது. வெளிச்சச் சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்களும் இருக்கிறார்கள், அது நீங்களாகவோ பக்கத்தில் வரும் உங்கள் பிள்ளையாகவோ இருக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை.

பிறகு லூமன். ரோச் மொத்தமாகக் கொட்டும் வெளிச்சத்தின் அளவு அது. எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கண்டெலா. கைத்தொலைபேசி சுமார் 50 லூமன் என்று வையுங்கள். ஒழுங்கைக்கு 300 முதல் 500 போதும். கையடக்க ரோச்சில் 1000, 2000 லூமன் என்று எழுதியிருந்தால் அது ஒன்றிரண்டு நிமிடத்துக்குத்தான். சூடேறியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போடும் எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பொதுவான அளவீட்டு முறையின்படி, தொடக்க வெளிச்சத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் அப்படிப் போடுகிறார்கள். வெளிச்சம் போகும் தூரம் என்பதும் முழுநிலவு அளவு வெளிச்சம் போய்ச் சேரும் தூரம். நிலவு வெளிச்சத்தில் ஒருவரின் முகம் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும், ஆகையால் பாதிக்கும் குறைவாகவே கணக்கெடுங்கள். நடைபாதைக் கடையில் 10,000 லூமன் என்று ஒட்டியிருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதோடு வரும் பற்றறியில் 9900 மில்லி அம்பியர் மணி என்று இருக்கும். 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள அந்த 18650 பற்றறியில் நல்ல கம்பெனிகளே 3500 சுற்றளவில்தான் தருகின்றன. பற்றறியிலேயே பொய் சொல்கிறவன் சுவிச்சில் உண்மையாக இருப்பானா?

சார்ஜ் பண்ணும் வகை வசதிதான், ஆனால் தலையணைக்குக் கீழ் வைத்து சார்ஜ் பண்ணாதீர்கள். கைப்பைக்குள் தானாக எரிந்து துணியைக் கருக்கும் அளவுக்குச் சூடாகும் ரோச்சுகளும் உண்டு; பல ரோச்சுகளில் வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் எரியாது. ஆனால் படலைக்கு வெளியே கால் வைக்கமுன் இறுக்கிவிட வேண்டும். விமானத்தில் போகும்போது கழற்றிய லிதியம் பற்றறியைக் கைப்பெட்டியில் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மார்கழியில் லண்டனில் பின்னேரம் 4 மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும். வேலை முடிந்து வருகிற எல்லோரும் இருட்டில்தான் வருகிறார்கள். பிரித்தானியாவில் மிளகுத் தூவி வைத்திருப்பதே குற்றம், கனடாவிலும் ஆட்களுக்கு எதிராகப் பாவிக்கவென்று செய்த தூவி தடை. ரோச்சுக்குத் தடையில்லை. ஆனால் பிரித்தானியச் சட்டத்தில், ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு பொது இடத்தில் கொண்டுபோகும் எந்தப் பொருளும் ஆயுதம்தான். முன் விளிம்பு பல்லுப் பல்லாக, குத்துவதற்கென்று செய்ததுபோல் இருக்கும் ரோச்சை வாங்கிச் சிக்கலில் மாட்டவேண்டாம். அந்தப் பல் கைப்பையின் உள் துணியைக் கிழிப்பதைத் தவிர வேறு வேலை செய்து நான் காணவில்லை.

இன்னொன்றும் உங்களிடம் கேட்கவேண்டும். அம்மாவுக்கு ஏழு விதமாக எரியும் ரோச்சை அனுப்பாதீர்கள். ஒரே சுவிச், கடையில் கிடைக்கும் சாதாரண பற்றறி, மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், இரவில் தேடினால் கைக்குத் தெரியக்கூடிய பாரம், இவ்வளவும் போதும். கட்டில் காலில் ஒரு கயிற்றில் தொங்கட்டும். பாவிக்காமல் கிடக்கும் ரோச்சுக்குள் பற்றறி ஒழுகி உள்ளே தின்றுவிடும். ஊருக்கு வரும்போது திறந்து பாருங்கள். இரவில் கீழே இறங்கமுன் வெளிச்சத்தை முதலில் நிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். விரியன் வகைகள் இருட்டில் திரிகிறவை, வளவுக்குள் இறங்கும் காலுக்கு ஒரு எட்டு முன்னால் வெளிச்சம் போகவேண்டும். திருடனைவிட இவைதான் எங்கள் அம்மாமாரை அதிகம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகின்றன.

வாங்கிய பிறகு வீட்டில் விளக்குகளை அணைத்துவிட்டுப் பத்துத் தரம் எடுத்து அடித்துப் பழகுங்கள். எழுதும் கையைப் படலைக்கும் தொலைபேசிக்கும் விட்டுவிட்டு மற்றக் கையில் பிடியுங்கள். நடக்கும்போது வெளிச்சம் நிலத்தில், பத்து எட்டுக்கு முன்னால். சந்தேகம் வந்தால் முக உயரத்துக்கு உயர்த்தி, "ஆரது? அங்கேயே நில்லுங்கோ" என்று உரத்துக் கேளுங்கள். உரத்து என்றால் உண்மையிலேயே உரத்து. மெல்லக் கதை, மெல்லச் சிரி என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் பலருக்கு வெளிச்சத்தைவிடக் குரலுக்குத்தான் பயிற்சி கூட வேண்டியிருக்கும்.

நான் பார்க்கிற பெண்களின் காயங்களில் பெரும்பகுதி ஒழுங்கை இருட்டில் நடந்தவை அல்ல என்பதையும் சொல்லாமல் போகமுடியாது. மின்குமிழ் எரிகிற வீட்டுக்குள், தெரிந்த ஆளால் நடந்தவை. உலகத்தில் மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவிக்கிறார், அதில் பெரும்பகுதி துணைவரால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு நான் இன்றைக்குக் காட்டும் சாமான் உதவாது. அரசாங்க வைத்தியசாலைகளில் மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம், என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இந்த இரண்டையும் இங்கே எழுதிக்கொள்ளத் தயங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய் எழுதுங்கள்.

ஒழுங்கையில் எரியாத மின்குமிழுக்குப் பிரதேச சபையைக் கேட்பதையும் விடாதீர்கள். இரவு வேலைக்குப் போகிற பிள்ளையையும், ரியூசன் முடிந்து வருகிற பிள்ளையையும் "இருட்டுப்பட முன்னம் வா" என்று வீட்டில் மறித்து வைப்பது சுலபம். ஒரு பிள்ளை பட்டப்படிப்பை விட்டதற்கும், ஒரு தாதி நல்ல வேலையை மாற்றிக்கொண்டதற்கும் அந்த ஒழுங்கைதான் காரணம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மேசையில் நாலு ரோச் வைத்திருக்கிறேன். இரண்டு நல்லது, இரண்டு கூடாதது. எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. தேநீருக்குப் போகமுன் ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எரித்துப் பாருங்கள். ஒருவர் கண்ணுக்குள் ஒருவர் அடிக்கவேண்டாம், முன்வரிசையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த ரீச்சர்மார் இருக்கிறார்கள்.